மலைக்கணவாய் பப்பில் மேர்சி சொன்ன சாட்சி

ஒக்லாந்தில், கிளென் ஈடனில் எங்கள் வீட்டுக்கு வந்து, மாம்பழக் கதையைக் கேட்காமல் தப்பிப் போனவர் எவரும் இல்லை. தபால்காரருக்கே இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். பதின்மூன்று வயதில், யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட விடுதியில், ஒரே இருப்பில் அறுபது கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சாப்பிட்டவன் நான். கதை முடிந்து விருந்தாளி வாயைப் பிளக்கும் நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து என் மனைவி மேர்சியின் குரல் வரும்.

"ஆறு."

அவ்வளவுதான், என் கதை காற்றுப்போன பலூன். மேர்சி ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள். தசமப் புள்ளி ஒன்று இடம் மாறினால் அவளுக்கு நித்திரை வராது. நான் சொல்லும் எந்தத் தொகையையும் பத்தால் பிரித்துத்தான் சபைக்கு விடுவாள். கலியாணம் கட்டி முப்பத்தைந்து வருடம், ஒரு நாள் தவறவில்லை.

"சாட்சி இருக்கப்பா. பாதர் டெனிஸ் பக்கத்தில நிண்டு எண்ணினவர்."

"அவர் மோட்சத்துக்குப் போய் எத்தினை வருஷம். நல்ல வசதியான சாட்சிதான்."

பாதர் டெனிஸ் டெவேன் அயர்லாந்துக்காரர். எங்களுக்குப் பூமிசாஸ்திரம் படிப்பித்தவர். பாடத்தை ஆபிரிக்காவில் தொடங்கினாலும் கால் மணியில் தன் குடும்பத்துப் பப்பில் வந்து நிற்பார். மலைக்கணவாயின் அடியில் நூற்றைம்பது வருடமாக அவர் வீட்டார் நடத்தும் பப். வாசல் அவ்வளவு தாழ்ந்த பதிவு, ஆயரும் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். அங்கே போகிற பாதை அவ்வளவு வளைவு, கார் ஓட்டுகிறவர் தன் காரின் பின்விளக்கையே முன்னால் காணலாம். இப்போது சொல்லுங்கள், என் வாய் யாரிடம் பழகிய வாய்?

1996இல், மாநகரசபையில் வரைபடம் கீறியது போதும் என்று ஓய்வு பெற்றேன். அந்த வருடமே லண்டனில் ஒரு உறவுக் கலியாணம் வந்தது. "அயர்லாந்து அங்க பக்கத்திலதானே, ஒருக்கா எட்டிப் பார்த்திட்டு வருவம்" என்றேன். "டாட், இட்ஸ் அனதர் கன்ட்ரி!" என்றாள் மனுரேவாவில் இருக்கும் மகள் துஷானி. ஒக்லாந்திலிருந்து பார்த்தால் உலகத்தில் மிச்சம் எல்லாமே பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறது.

வாடகைக் காரில் கணவாய் ஏறினோம். ஒரு யன்னலால் மேகம் உள்ளே வந்து மற்ற யன்னலால் வெளியே போனது. பாதைக்கு மேலே பாறையில் நின்ற செம்மறிகள் எங்களைப் பார்த்து அனுதாபப்பட்டன. ஓடை ஒன்று மலை உச்சியிலிருந்து குதித்து, எங்கள் கார்க் கண்ணாடியைக் கழுவிவிட்டுப் போனது. மேர்சி செபமாலையை எடுத்தவள் மூன்றாம் சுற்றில் இருந்தாள். ஒரு வளைவில், ஆணையாகச் சொல்கிறேன், எனக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தது.

"மேர்சி! என்ரை பின்விளக்கு!"

"அது டிராக்டர். பாதையைப் பாருங்கோ."

கணவாயின் மறுபக்க அடியில், பாதர் சொன்னபடியே பப் இருந்தது. வாசலும் பதிவாகத்தான் இருந்தது. ஆயர் குனிவார்; ஏர்னஸ்ட் ஆகிய நான் குனியவில்லை. நெற்றியில் ஒரு எலுமிச்சங்காயோடு உள்ளே போனேன். சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டிகள் விறகாய் எரிகிற கணப்பு. ஐந்து தலைமுறை முழங்கைகள் தேய்த்து மினுக்கிய மரமேசை. அதன் ஒரு பக்கம் பியர், மறுபக்கம் தேயிலை, சப்பாத்துக் கயிறு, ஆட்டு மருந்து. கணப்புக்கு மேலே ஒரு படம். வெள்ளை அங்கி, சுருட்டு, பின்னால் எங்கள் பள்ளிக்கூட வேப்பமரம்.

"மேர்சி, அங்க பாரும். சாட்சி!"

மேசைக்குப் பின்னால் நின்றவர் நோரா, பாதரின் அண்ணன் மகள். எழுபது வயது இருக்கும். நான் பாதரிடம் படித்தவன் என்று சொன்னதும் வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். பிறகு, பியர் ஊற்றுவார் என்று நான் பார்த்திருக்க, ஒரு பிஸ்கட் தகரப் பேணியை எடுத்து வந்து வைத்தார். முழுவதும் பாதர் டெனிஸின் கடிதங்கள்.

"மிக்! தொப்பியும் நீயும் இங்கே வாங்க" என்று யன்னலோரம் இருந்த ஒரு கிழவரைக் கூப்பிட்டார். செம்மறி வளர்க்கிறவர். தொப்பி தலையோடு பிறந்தது போலிருந்தது.

விஷயம் இதுதான். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பாதர் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய கடிதத்தை இந்தப் பப்பில் உரத்து வாசிப்பார்களாம். 1945இல் மிக்கின் தகப்பன் நடுக்கடிதத்தில் எழுந்து, "பாதிரி பொய் சொல்கிறான்" என்று வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அந்த ஊரில் யாராவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால் அதற்குப் பெயர் 'டெவேன் கடிதம்'. ஐம்பது வருடமாக அந்தப் பெயரை நோரா வீட்டார் சுமக்கிறார்கள். படத்துக்கு எல்லோரும் கிண்ணம் உயர்த்துவார்கள். மிக் வீட்டார் மட்டும் தொப்பியைக்கூடக் கழற்றுவதில்லை.

"நீங்கள் அங்கிருந்து வந்தவர். உண்மையா, பொய்யா? இவன் காதுபடச் சொல்லுங்க."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். மிக் என் முகத்தை ஆடு வாங்க வந்தவர் போலச் சுற்றிப் பார்த்தார்.

"இந்த ஆள் வேண்டாம். பாதிரி கண்ணில் இருக்கிற அதே மினுக்கம். அந்த அம்மா சொல்லட்டும்."

அந்தப் பேணிக்குள் என்ன கிடக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

நோரா வாசித்தார். ஒரு தீவு முழுவதும் ஆளில்லாமல் குதிரைகள் திரிகின்றன.

"ஓம், உண்மை. நெடுந்தீவு" என்றாள் மேர்சி. "நான் பார்த்திருக்கிறேன்."

கிளையே இல்லாத மரம். விடியற்காலை ஏறினால் உச்சியில் பானம். காலையில் இனிக்கும், மத்தியானம் ஆளைச் சரிக்கும்.

"அப்ப பப் மரத்து மேலேயா?" என்றார் மிக்.

"பனை. உங்களைப் போல ஆக்கள் ஏறி இறங்குவது கஷ்டம்" என்றாள் மேர்சி. மற்றக் கிழவர்கள் மேசையைத் தட்டினார்கள்.

அடி காணாத கிணறு. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. அதுவும் உண்மை என்றாள். மிக்கின் கிண்ணத்தில் நுரை இறங்கிக்கொண்டே போனது, அவர் தொடவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் மிக். "என் அப்பா எழுந்து போனது மாம்பழத்துக்கு. அதை வாசி."

நோரா கடைசிக் கடிதத்தை விரித்தார். 'என் வகுப்பில் ஏர்னஸ்ட் என்று ஒரு பையன். ஒரே இருப்பில் அறுபது மாம்பழம் சாப்பிட்டான். பக்கத்தில் நின்று நானே எண்ணினேன்.'

பப் முழுவதும் மேர்சியைப் பார்த்தது. நான் நிலத்தைப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடமாக அவள் சொல்லும் 'ஆறு' இப்போது வந்து விழுந்தால், குதிரையும் பனையும் கிணறும் எல்லாம் போச்சு. பாதர் இனி எந்நாளும் பொய்யர்தான். மேர்சி படத்தைப் பார்த்தாள். கடிதத்தின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்த நோராவின் விரல்களைப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள். "அறுபது இல்லை."

அந்த மலை முழுவதும், செம்மறிகளோடு சேர்த்து, என் தலையில் இறங்கியது.

"அறுபத்திரண்டு. கோயில் மணி கேட்டுப் பாதர் எழும்பிப் போய்விட்டார். பிறகும் இவர் இரண்டு சாப்பிட்டார்."

மிக் என்னைப் பார்த்தார். என் வயிற்றை நீண்ட நேரம் பார்த்தார். அது அன்றைக்கு நல்ல சாட்சியாகத்தான் இருந்தது. பிறகு தொப்பியைக் கழற்றி, கணப்படிக்குப் போய்ப் படத்துக்குக் கிண்ணம் உயர்த்தினார். தொப்பிக்குக் கீழே ஒரு மயிரும் இல்லை. நோரா ஒன்றுமே சிந்தாத மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகுதான் எனக்குப் பியர் வந்தது. பனங்கட்டியைக் கருக்கிக் கரைத்த நிறம். நுரையில் ஒரு கோழிக்குஞ்சு நடந்து போகலாம். ஒன்பது கிண்ணம் குடித்தேன்; அதாவது, மேர்சியின் கணக்கில், ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. காரும் நான்தானே ஓட்ட வேண்டும்.

திரும்பி வரும்போது நாலு வளைவு வரைக்கும் அவள் செபமாலை உருட்டினாள்.

"இஞ்சருங்கோ, இப்ப உண்மையைச் சொல்லுங்கோ. எத்தினை?"

"பதினொண்டு. மூண்டு நாள் எழும்பேலாமக் கிடந்தனான்."

"பதினொண்டோ!" செபமாலை மடியில் விழுந்தது. "நான் ஆறெண்டெல்லோ சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். இவ்வளவு காலமும் உங்களைக் குறைச்சுப்போட்டனப்பா."

போன மாதம் பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் நண்பர் இராசநாயகம் வீட்டில் சாப்பாடு. நான் அடுப்படியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் மேர்சி பயணக் கதை சொல்வது கேட்டது. "கணவாயில நூறு வளைவு. கடைசி வளைவில எங்கடை காரின்ரை பின்விளக்கை நானே கண்டனான்." சபை மூச்சுவிடவில்லை. வளைவு பத்துக்கு மேல் இராது. வரைபடக்காரன் கண்ணுக்கு அது தெரியாதா?

கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மேர்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"நூற்றிரண்டு" என்றேன். "இறங்கேக்க ரெண்டு கூட."