கிணற்றில் விட்ட ஓநாய் மீன்

16 மே 1953, சனி

இன்று ஒரு சிறு தவறு தெரியவந்தது. பத்திரிகையில் ஒரு பக்கத்தைத் திருப்பாமல் விட்டிருக்கிறேன். சிறு தவறு என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல் சரிதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பெரியப்பா அய்யாத்துரைக்கு வண்ணாரப்பேட்டையில் கண்ணாடித் தொட்டியும் அழகு மீனும் விற்கும் கடை. பகலில் எனக்கு அங்கே வேலை, மாலையில் ராயபுரத்தில் டைப்ரைட்டிங் வகுப்பு. எந்த மீனை எதோடு விடலாம் என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. மற்றதோடு சேர்ந்து இருக்கக்கூடிய மீன் என்றால் அதை வைத்திருக்கும் பானையின் கழுத்தில் வெள்ளை நூல் கட்டுவேன். தனியாக வைக்க வேண்டியது என்றால் சிவப்பு. வாங்குகிறவர்கள் நூலை நம்பி வாங்குகிறார்கள்.

போன மாதம் லூர்து ஒரு மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் துறைமுகத்தில் லாஞ்சுப் படகு ஓட்டுகிறவன். பிரேசிலிலிருந்து வந்த கப்பலின் மாலுமி ஒருவன் கொடுத்ததாம். உள்ளே ஒரே மீன், ஒன்றரைச் சாண் இருக்கும். உருண்டை உடம்பு, வட்ட வால். விரால் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் விராலுக்கு முதுகு நெடுக ஓடும் துடுப்பு இதற்கு இல்லை. நடுமுதுகில் குட்டையாக ஒன்றுதான்.

பெரியப்பாவின் வெளிநாட்டுப் பத்திரிகையில் தேடினேன். ஓநாய் மீன் என்ற குடும்பத்தில் மூன்று படங்கள் இருந்தன. ஒன்று சிறியது, வயிறு சிவந்தது. இன்னொன்றுக்கு விலாவில் கறுப்புக் கோடு. தன் அளவு மீன்களோடு ஒத்துப்போகும் என்று போட்டிருந்தது. கடைசி வகை பழுப்பில் திட்டுத் திட்டாக இருந்தது. நாயின் கோரைப்பல் போன்ற பற்கள், அசைகிற எதையும் கவ்வும் குணம். அந்தக் கடைசி வகையின் லத்தீன் பெயரில் மலபார் என்று வந்தது. பிரேசில் கப்பலில் மலபார் மீன் எப்படி ஏறும்? அதனால் அதை ஒதுக்கினேன். நம் மீனின் விலாவில் கோடும் இருந்தது. வெள்ளை நூல் கட்டினேன். வாயைத் திறந்து பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

திருவொற்றியூர் குணசேகரன் வாங்கிப் போனார். தொழிற்சாலை ஒன்றில் குமாஸ்தா, வீட்டில் நான்கு தொட்டி வைத்திருப்பவர். கடைக்கு வரும்போதெல்லாம் மகள் அம்முவையும் கூட்டி வருவார். அந்தக் குழந்தைக்குத் தொட்டிக்குள் விரலை விட்டு ஆட்டாவிட்டால் தூக்கம் வராது.

இன்று பிற்பகல் கடைக்கு வாடிக்கையாளர் யாரும் வரவில்லை. அதே பத்திரிகையை எடுத்துப் பக்கத்தைத் திருப்பினேன். மலபார் என்ற பெயர், முதலில் பெயர் வைத்தவர் செய்த பிழையாம். அந்த மீன் மலபாரில் கிடையாது, தென் அமெரிக்காவில்தான் உண்டு. இளம் மீனுக்கு விலாவில் கறுப்புக் கோடு இருக்கும். வளர வளர மங்கும். பகலில் அடியில் அசையாமல் கிடக்கும்.

அம்முவின் விரல்கள் கண்ணுக்குள் வந்தன. செருப்பை மாட்டினேன்.

"ஏட்டி செல்வி, எங்க ஓடுத? கடைய யாரு பாக்க?" என்று பெரியப்பா கத்தினார்.

"நூல் மாத்திக் கட்டிட்டேன் பெரியப்பா" என்றேன். சொல்லிக்கொண்டே திருவொற்றியூர் பஸ்ஸுக்கு ஓடினேன்.

பஸ்ஸில் எனக்குள் இரண்டு பயங்கள் மாறி மாறி வந்தன. நான் செய்தது தவறாக இருந்தால் குழந்தைக்கு ஆபத்து. இப்போது நினைப்பது தவறாக இருந்தால்? ஒருமுறை பிசகியவள் இரண்டாம் முறையும் பிசகலாம்.

குணசேகரன் வீட்டில் அம்மு பத்து விரலோடு முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எந்தத் தொட்டியிலும் அந்த மீன் இல்லை.

"அத்த ஏன் கேக்கற" என்றார் அவர் மனைவி கன்னியம்மா. "ரெண்டே நாள்ல தொட்டில இருந்ததெல்லாம் துன்னுட்ச்சி. கொல்ல மன்சு வரல. கொசுப்புழுவாச்சும் துன்னட்டும்னு கெணத்துல வுட்டுட்டாரு."

வீட்டுக் கிணறுகளில் மீன் விடுவது இங்கே வழக்கம்தான். நல்லவேளை என்று மூச்சு விட்டேன். அதே நொடியில் பின்பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அங்கே குடியிருக்கும் ஐந்து குடும்பத்துக்கும் அது ஒரே கிணறு. கோடையில் நீர் வற்றித் தொடையளவுதான் நின்றது. விழுந்துபோன குடங்களை எடுக்கவும் சேறு வாரவும் சின்னப்பையன் என்ற ஆளை வரவழைத்திருந்தார்கள். இடுப்பில் கயிறு கட்டி, வெறும் காலோடு, கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்திருந்தார்.

"இறங்காதீங்க அண்ணே! உள்ள கடிக்கிற மீன் இருக்கு!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தங்கச்சி, நான் எண்ணூர் கயிமொகத்துல பொறந்தவன். நண்டு கட்ச்சி, கெளுத்தி குத்தி வளந்த ஒடம்பு இது. மீனு கடிக்கும்னா கடிக்கட்டும், ராவுக்கு அத்தையே வறுத்துத் துன்றேன்."

பக்கத்து வீட்டு முத்தம்மா குடத்தை இடுப்பில் மாற்றினாள். "மீனுக்குப் பயந்தா கொயம்புல இன்னாத்த போடறது? எறங்கு நைனா, இருட்டிகினு வருது."

குணசேகரனும் வந்தார். "வெள்ளை நூல் கட்டினது நீங்கதானே?" என்று மட்டும் கேட்டார். எல்லாருக்கும் முன்னால் ஆமாம் என்று தலையாட்டினேன்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். கன்னியம்மா இறால் தலைகளைத் துணியில் முடிந்து கொடுத்தாள். கயிற்றில் கட்டி இறக்கினேன். முடிச்சு தண்ணீரில் தொங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. நேரம் போனது. முத்தம்மா கொட்டாவி விட்டாள்.

"போதும் தங்கச்சி, பேஜாரு பண்ணாத" என்று சின்னப்பையன் கால்களை உள்ளே போட்டார். படிக்கல் படிக்கல்லாக இறங்கினார். நான் தடுக்கவில்லை. ஒருவேளை அது சாதுவான இரண்டாம் வகையாகவே இருக்கலாம் என்று அப்போது எனக்கும் தோன்றியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

கடைசிப் படிக்கல்லில் நின்று ஒரு காலைத் தண்ணீரில் விட்டார். அப்போதுதான் ஞாபகம் வந்தது: அசைகிறதைத்தான் கவ்வும். என் முடிச்சு அசையாமல் தொங்குகிறது. அவர் கால் அசைகிறது.

"அண்ணே, காலைத் தூக்குங்க!" என்று கத்திக்கொண்டே கயிற்றை எதிர்ச் சுவரோரம் வெட்டி வெட்டி இழுத்தேன்.

சத்தமே இல்லை. கயிறு என் உள்ளங்கையை எரித்துக்கொண்டு கீழே ஓடியது. கன்னியம்மா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கீழே தண்ணீர் ஒருமுறை புரண்டது. பழுப்பாக, திட்டுத் திட்டாக ஏதோ திரும்பியது. பிறகு கயிறு லேசாகிவிட்டது. மேலே இழுத்தால் முடிச்சில் பாதி இல்லை. மிச்சத் துணி கத்தரியால் வெட்டியதுபோல் இருந்தது.

சின்னப்பையன் இறங்கியதைவிட வேகமாக ஏறி வந்தார். கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இன்னாம்மா வித்துகினு கீறீங்க கடையில?" என்று கேட்டார். முத்தம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

வகை உறுதியாகிவிட்டதாக இன்னும் சொல்ல மாட்டேன். நாக்கைப் பார்க்க வேண்டும். மூன்றாம் வகைக்கு நாக்கு அரம்போல் சொரசொரப்பாக இருக்குமாம். ஆனால் யாரும் இறங்கக் கூடாது, வாளியால் மட்டும் இறைக்கலாம், குழந்தைகளைக் கிட்டே விடக் கூடாது என்று சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கிணற்றின் மேல் பழைய கதவு ஒன்றைப் போட்டு மூடினார்கள்.

டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகவில்லை. பெரியப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் சிவப்பு நூலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

நாளை ஞாயிறு, ஆனால் சர்ச்சுக்குப் போகப் போவதில்லை. காலையில் லூர்துவைக் கூட்டிக்கொண்டு திருவொற்றியூர் போக வேண்டும். பெரிய தூண்டில் முள், தூண்டில் கயிற்றுக்குப் பதில் இரும்புக் கம்பி, உயிர் இறால், மூடியுள்ள டின், தடித்த கையுறை. மீனைப் பிடித்து மேலே ஏற்றும்வரை சின்னப்பையன் கிணற்றில் இறங்கக் கூடாது. அந்த மீனின் வாயைத் திறந்து பார்ப்பது நான்.