நிலை அறியும் தேர்வு

சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லாமல் போய் இரண்டு வாரம் ஆயிற்று. மூன்று பெட்டிகள் அதை மொத்தமாக ஆக்கிரமித்திருந்தன. மூன்றும் மொழிப் பாடத்திட்டங்கள். வீட்டிலேயே பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிறவர்களுக்காக மூன்று பதிப்பகங்கள் அனுப்பிய மாதிரிப் பிரதிகள். அம்மாவும் மகளும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிட்டார்கள். மகளுக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம்.

மகளுக்குப் பத்து வயது. வீட்டில் அவள் பெயர் மந்திரி. கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கும் அவள் அப்பா வைத்த பெயர். குழாய் ஒழுகினால் ஒரு யோசனை சொல்வாள், பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் ஒரு யோசனை சொல்வாள். ஒரு தடவை காதில் விழுந்ததை ஆறு மாதம் கழித்து அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பாள். எழுத்து மட்டும் அவளுக்குப் பிடி கொடுக்கவில்லை. வாசிப்பதில் கற்றல் குறைபாடு என்று டாக்டர் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் அந்த இரண்டு பக்கத்தை எந்த மகராசன் படித்தான்? சோம்பேறி என்று சொல்லிக் கடைசி பெஞ்சில் தள்ளினார்கள். பிள்ளை தினமும் காலையில் வாந்தி எடுத்தது. அப்புறம் பேச்சே நின்றுபோனது. யோசனை சொல்கிற வாய் நாலு மாதம் மூடிக் கிடந்த பிறகுதான் அம்மா மூக்குக்கண்ணாடிக் கடை வேலையை விட்டுவிட்டு, பிள்ளையையும் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். இரண்டு வருஷத்தில் பேச்சு திரும்பி வந்துவிட்டது. இனி படிப்பு வர வேண்டும்.

வராவிட்டால் என்ன ஆகும் என்பது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. கல்வி அலுவலகத்துக் கடிதம். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி பெண் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வருவார். எந்தப் பாடத்திட்டம், அதில் பிள்ளை எந்த நிலை என்று படிவத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த நிலையிலிருந்து வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் வீட்டுக் கல்விக்குக் கொடுத்த அனுமதி ரத்து. பிள்ளை மறுபடி அதே கடைசி பெஞ்சுக்குப் போக வேண்டியதுதான்.

எதை எடுப்பது என்று கேட்க ஒரு ஆள் வேண்டுமே. நாத்தனாரைக் கேட்டால், “எங்க பசங்க நாலு வயசுலயே பேப்பர் படிச்சாங்க அண்ணி” என்பாள். அதற்கு மேல் அவளிடம் என்ன கேட்பது? புருஷன் ஞாயிற்றுக்கிழமைதான் போனில் வருவார். பாதி இரைச்சல், பாதி அவர்.

“மூணு இருக்குங்க. ஒண்ணு முழுக்கக் கதை, படமெல்லாம் அழகா இருக்கு. இன்னொண்ணு தினம் ஒரு பக்கம் பயிற்சி. மூணாவது வெறும் எழுத்து வில்லைங்க, ஒவ்வொரு எழுத்தும் ஒரு அட்டைத் துண்டுல. ஒரு படம்கூட இல்ல, ஒரே வறட்சி.”

“நீ பார்த்துக்கோம்மா. உனக்குத் தெரியாததா?”

இந்த ‘நீ பார்த்துக்கோ’ இருக்கிறதே, போனை வைக்கிற வரைக்கும் பெருமையாகத்தான் இருக்கும். வைத்த பிறகு வீடு கப்சிப் என்று ஆகிவிடும். கண்ணாடிக் கடையில் ஒரு நாளைக்கு நாற்பது பேரோடு பேசினவள் அவள். இப்போது அவளோடு பேசுகிற பெரிய மனிதர் என்றால் கூரியர்காரர் ஒருவர்தான். ஒரு நாள் அவரை வாசலில் நிறுத்தி மழையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினாள். பாவம், மனிதர் ஒரு காலைப் படியில் வைத்தபடியே ‘ஆமாங்க, ஆமாங்க’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திய பிறகு அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஒவ்வொரு பெட்டியிலும் நிலை அறியும் தேர்வு என்று ஒரு தாள் இருந்தது. வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும், பிள்ளை வாசிக்க வேண்டும், எங்கே தடுக்கிறதோ அதுதான் அதன் நிலை. அம்மா எதிரே உட்கார்ந்து கதைப் பெட்டியின் தேர்வை வைத்தாள். மந்திரி கொஞ்சம் தயங்கினாள், மேலே பார்த்தாள், சொன்னாள். நான்காம் நிலை வரைக்கும் போய்விட்டாள். பத்து வயதுக்கு உரிய நிலை! அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பயிற்சிப் பெட்டியிலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

மூன்றாவது பெட்டியின் தேர்வை அவள் நடத்தவே இல்லை. அதன் முதல் வரியைப் படித்ததும் எரிச்சல் வந்தது. ‘தேர்வு நடத்துபவரின் முகம் பிள்ளைக்குத் தெரியக் கூடாது’ என்று போட்டிருந்தது. இதென்ன, போலீஸ் விசாரணையா? மூடி, மேசைக்கடியில் தள்ளிவிட்டாள். படிவத்தை எடுத்து, கதைப் பாடத்திட்டம், நான்காம் நிலை என்று பேனாவால் அழுத்தி எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னபோது அவர் இரண்டு தடவை “அப்படியா?” என்றார். அன்றைக்கு அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

அதிகாரி வருகிற மாதம் நாலாம் தேதி அவளுக்குக் கண்வலி வந்தது. இரண்டு கண்ணும் கோவைப்பழம். கடையில் வேலை பார்த்த காலத்துக் கறுப்புக் கண்ணாடி ஒன்று டிராயரில் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு, பிள்ளைக்குத் தொற்றிவிடக் கூடாதே என்று ஒரு கைக்குட்டையால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு பாடத்துக்கு உட்கார்ந்தாள்.

மந்திரி புத்தகத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை வரவில்லை.

“என்ன கண்ணு? நேத்துப் படிச்சதுதானே?”

“அந்தக் கண்ணாடியக் கழட்டும்மா.”

“ஏன்?”

“படிக்க முடியல.”

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு வருஷம்! கண் பரிசோதிக்க வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்து எட்டு வருஷம் ஒரே பாட்டைப் பாடியிருக்கிறாள், ‘சார், என் முகத்தப் பார்க்காதீங்க, போர்டப் பாருங்க.’ டிரைவிங் லைசென்ஸுக்காக வருகிற கில்லாடிகள் எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். சொந்த வீட்டில் கோட்டை விட்டாயிற்று.

சந்தேகம் போகட்டும் என்று கண்ணாடியையும் கைக்குட்டையையும் எடுத்தாள். ‘குடை’ என்ற அட்டையைக் காட்டினாள். “கு...” என்று இழுத்து மந்திரி நிமிர்ந்தாள். “குருவி?” அம்மா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். “குதிரை?” அம்மா வேண்டுமென்றே புருவத்தை உயர்த்தி லேசாகத் தலையசைத்தாள்.

“குதிரை!” என்று சொல்லிவிட்டு மந்திரி சந்தோஷமாக அடுத்த அட்டைக்குக் கையை நீட்டினாள்.

அந்தக் கையைப் பார்க்க அம்மாவுக்குத் தாங்கவில்லை. பெற்ற பிள்ளையை ஏமாற்றிவிட்டோம் என்பது சுட்டது. இரண்டு வருஷமாக இது நடந்திருக்கிறது, இரண்டு வருஷமாகத் தன் முகம் பாடம் நடத்தியிருக்கிறது என்பது அதைவிடச் சுட்டது.

“இவ்வளவு நாளும் என் மூஞ்சியப் பார்த்தா படிச்சே?”

“ஆமா.” மந்திரிக்கு அதில் ஒரு ஒளிவுமறைவும் இல்லை. “புக்குல ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. உன் மூஞ்சில எல்லாம் தெரியுது. எல்லாரும் அப்படித்தான் படிக்கிறாங்கன்னு நெனச்சேன்.”

அன்று பிற்பகல் மேசைக்கடியிலிருந்து மூன்றாவது பெட்டி வெளியே வந்தது. அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கையில் வார்த்தைப் பட்டியலோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு தேர்வை நடத்தினாள். மந்திரி முதல் நிலையைத் தாண்டவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகள் தொடங்குகிற நிலை அது. சுவரில் ஒரு கீறல் இருந்தது. அம்மா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப அந்த மேடம் வந்தா என்ன பண்றது?” என்று சுவரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

மந்திரியிடம் யோசனைக்கா பஞ்சம்? “நீ அவங்களுக்குப் பின்னாடி நின்னுக்கோ. நான் உன்னப் பார்த்துக்கிட்டே நாலாம் நிலையப் படிச்சிடுவேன். அவங்களுக்குத் தெரியவே தெரியாது.”

நடக்கிற காரியம்தான். சத்தியமாக நடக்கும். இரண்டு நாள் அம்மா இதையே மனசில் போட்டுப் புரட்டினாள். முதல் நிலை என்று எழுதினால் அதிகாரி அனுமதியை ஒரே கோட்டில் அடித்துவிட்டுப் போவார். நான்காம் நிலை என்றால் இன்னும் ஒரு வருஷம் பிள்ளை கையோடு இருக்கும். புருஷனிடம் சொல்லலாமென்றால் ஞாயிறு வர நாலு நாள் இருந்தது. வந்தாலும் என்ன சொல்வார் என்பது தெரிந்ததுதானே? ஒரு வருஷம் சரி, அப்புறம்? பஸ் போர்டைப் படிக்க, மருந்துச் சீட்டைப் படிக்க, இந்த மூஞ்சியை எங்கெங்கே கொண்டுபோய் ஒட்டுவது? படிவத்தில் நான்காம் நிலையை அடித்தாள். மூன்றாவது பெட்டியின் பெயரை எழுதி, பக்கத்தில் முதல் நிலை என்று எழுதினாள். 

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்னாள்.  “நீ பார்த்து...” என்று அவர் ஆரம்பித்தார்.

“நான் பார்த்ததுதாங்க வினையாப் போச்சு” என்றாள் அவள்.

மிச்ச நாட்கள் எல்லாம் எழுத்து வில்லைகளோடும் சுவரோடும் போயின. கல், பல், மண். மந்திரிக்கு அழுகை வந்தது, கோபம் வந்தது, ஒரு வில்லை சோபாவுக்கடியில் பறந்தது. அம்மா திரும்பவில்லை.

பதினைந்தாம் தேதி அதிகாரி வந்தார். மூன்று மாடி ஏறிவந்த மூச்சிரைப்போடு உட்கார்ந்து படிவத்தைப் பார்த்தார்.

“நாலாம் நிலைய அடிச்சிருக்கீங்க?”

“அது என் முகம் எழுதின பரீட்சை மேடம்” என்று தொடங்கி, அம்மா மறைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, வார்த்தைப் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதிகாரி பெட்டியிலிருந்து வார்த்தை அட்டைகளை எடுத்தார். 

அந்தப் பட்டியலிலிருந்து வரிசையாகப் பத்து வார்த்தைகள். முதல் வார்த்தைக்கே அவ்வளவு நேரம் ஆயிற்று. “ம... மண்” என்று வந்தது. அடுத்தது வந்தது. ஒன்று வரவே இல்லை. ஏழாவதோ எட்டாவதோ, “பால்” என்ற மந்திரி ஒரு நொடி நிறுத்தி, “இல்ல, பாய்” என்று தானே திருத்திக்கொண்டாள். அம்மாவுக்குச் சுவர் கலங்கித் தெரிந்தது. யார் முகமும் இல்லாமல் தானே திருத்திக்கொண்டாளே!

“பத்துக்கு ஏழு” என்றார் அதிகாரி. “முதல் நிலைதான். ஆனா இது அவ நிலை. ஆறு மாசம் தர்றேன். அதுக்குள்ள ரெண்டாம் நிலைக்கு வந்துட்டா அனுமதி தொடரும். இல்லன்னா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது.” டீகூடக் குடிக்காமல் இறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அம்மா மந்திரியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “பாய்னு நீயாவே திருத்திட்டியே கண்ணு, எப்படி?”

“நான் பால்னு சொன்னப்ப உன் தோள் தூக்கிச்சே” என்றாள் மந்திரி. “மத்த ஆறும் நானேதாம்மா. அது ஒண்ணுதான் உன் முதுகப் பார்த்து.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை மாதம் கழித்தோ வந்த சிரிப்பு, வந்த வேகத்தில் அழுகையாகிவிட்டது. மந்திரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், இதில் எது சரியான விடை என்று தெரியாமல்.

மறுநாள் காலை அம்மா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறையில் போட்டாள். வார்த்தைப் பட்டியலின் ஒரு பிரதி அவள் மடியில் இருந்தது. கதவை முழுசாகச் சாத்தினாள். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை.

“அம்மா, இருக்கியா?”

“இருக்கேன்.”

“பாடம் நடக்கறப்ப பேசக் கூடாதுன்னு நீதானே சொன்னே?”

“இருக்கேன்னு மட்டும் சொல்லலாம்.”

ஒரு வில்லை நகர்ந்தது. இன்னொன்று நகர்ந்தது. “ப...” என்று குரல் இழுத்தது. கதவுக்கு இந்தப் பக்கம் அம்மாவின் புருவம் உயர்ந்தது, உதடு குவிந்தது, தலை தானாக அசைந்தது. பார்க்க யாரும் இல்லை.