அறுநூறு மில்லிசெகண்ட்

எனக்கு வாய் நீளம். ஜோகுபாளையத்துல எங்க தெருவுல விசாரிச்சீங்கன்னா, "மங்களமா? அடேங்கப்பா!"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. ஆனா இந்த ஒரு விஷயத்தை இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல.

தொண்ணூத்தி மூணுல ரெமிஜியஸ் சார் பிரேசர் டவுன்ல ஒரு வீட்டு மாடியில சின்னக் கம்பெனி நடத்திட்டிருந்தார். வயித்துக்குள்ள இருக்கிற குழந்தையோட இதயத் துடிப்பைக் காட்டற மெஷின் செஞ்சோம். தாயோட வயித்து மேல சென்சாரை வெச்சா, உள்ளேருந்து வர்ற சத்தத்துல துடிப்பைக் கண்டுபிடிச்சு, காகிதத்துல கோடா வரைஞ்சிட்டே போகும். அந்தக் கணக்கைப் போடற சிப்புக்கு புரோகிராம் எழுதினது நான்.

அந்தக் காலத்து சிப்புல இடம் ஏது? உள்ளே ஐநூத்துச் சொச்சம் எண்தான் கொள்ளும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு தேடணும். தேடற தூரம் நீள நீள, இடம் அதிகமா வேணும். நான் அறுநூறு மில்லிசெகண்டோட தேடலை நிறுத்திட்டேன். அப்படின்னா நிமிஷத்துக்கு நூறுக்குக் கீழே துடிப்பு போனா மெஷினுக்குத் தெரியாது. தெரியலைன்னா கோடு நின்னுடும், நர்ஸ் பார்த்துப்பாங்க, அவ்வளவுதானேன்னு இருந்துட்டேன். ஏன் அறுநூறுன்னு ஒரு வரிகூட எங்கயும் எழுதி வெக்கல.

ரெண்டாயிரத்து ரெண்டுல மெஷினுக்குப் புது சர்க்யூட் போர்டு வந்தது. பழைய சிப்பு நூறு சேர்ந்து செய்யற வேலையை அதுல ஒத்த சிப்பு செய்யும். மெமரி கொட்டிக் கிடந்தது. பழைய புரோகிராமை அதுக்கு மாத்தி எழுதினவ ஸ்ரீவித்யா, வேலூர்லேருந்து வந்து சேர்ந்த இன்ஜினியர். கெட்டிக்காரி. "மேடம், இந்த அறுநூறு எதுக்கு? இப்பதான் எடம் இருக்கே, கூட்டிடலாமா?"ன்னு கேட்டா.

எனக்கு அன்னிக்கு மெஷின் அனுப்பற தேதி கழுத்தை நெரிச்சுட்டிருந்தது. "ஒம்பது வருஷமா ஓடுது. ஓடறதைத் தொடாதேம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்"னு அவ வாயை அடைச்சேன். எங்க தொழில்ல எல்லாரும் தினம் சொல்ற பேச்சுதான் இது. அறுநூறு அப்படியே புது போர்டுக்குக் குடி போயிடுச்சு.

அதே வருஷம் ஆகஸ்டுல சாரோட ஒரே பொண்ணு பவுலினுக்குப் பிரசவ வலி எடுத்தது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சுத் தங்கின கரு. புது மெஷினை சாரே கார்ல வெச்சு நர்சிங் ஹோமுக்குக் கொண்டு வந்தார், நானும் கூட வந்தேன். அதைப் பார்த்துக்கணும்னு சொல்லி டாக்டர் எங்க ரெண்டு பேரையும் திரை ஓரமா நிக்க விட்டாங்க. காலையில பதினோரு மணி இருக்கும். கோடு நூத்திமுப்பதுல அழகாப் போயிட்டிருந்தது.

அங்கிருந்த நர்ஸம்மா கன்னடக்காரங்க, வயசானவங்க. மரக்குழலை பவுலின் வயித்துல வெச்சு, காதைக் கொடுத்து, கையில இருந்த வாட்சைப் பார்த்தாங்க. அப்புறம் எங்க பக்கம் திரும்பி, "நிதானா இதே"ன்னாங்க.

"அப்பாடா, நிதானமா இருக்காம்!"னு சார் மூச்சு விட்டார். நானும் விட்டேன். நர்ஸம்மா எங்களை ஒரு மாதிரி பார்த்தாங்க, கோட்டைப் பார்த்தாங்க. நூத்திமுப்பது. தன் காதுதான் தப்புன்னு நினைச்சிருப்பாங்க போல, குழலைக் கீழே வெச்சிட்டாங்க.

ஒரு நிமிஷம் போயிருக்கும். எனக்குச் சுருக்குன்னு தெச்சது. கன்னடத்துல நிதானான்னா மெதுவா! பிறந்ததுலேருந்து இந்த ஊர்ல இருக்கேன், எத்தனை ஆட்டோக்காரங்ககிட்ட நானே "நிதானா ஹோகி"ன்னு கத்தியிருக்கேன். நல்ல சேதியா இருக்கணும்னு தவிச்ச காது அந்த வார்த்தையைத் தமிழ்ல வாங்கிக்கிச்சு.

"எஷ்டு எணிசிதிரி?" எவ்வளவு எண்ணினீங்கன்னு கேட்டேன்.

"அரவத்தைது."

அறுபத்தஞ்சு. ரெட்டிப்பாக்கினா நூத்திமுப்பது. ஒவ்வொரு துடிப்புலயும் வால்வு திறக்கறப்ப ஒரு சத்தம், மூடறப்ப ஒரு சத்தம். இதயம் தளர்ந்துட்டா ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி நீண்டு, தனித்தனித் துடிப்பு மாதிரியே ஆயிடும். அறுநூறுக்கு அந்தப் பக்கம் தேடத் தெரியாத என் புரோகிராம், அந்த ரெண்டு சத்தத்தையும் ரெண்டு துடிப்புன்னு எண்ணிட்டிருந்தது. கோடு நிக்கவே இல்ல. பாவி, இதை நான் யோசிக்கவே இல்லையே!

"டாக்டர், மெஷினை நம்பாதீங்க! அது பொய் சொல்லுது. குழந்தைக்குத் துடிப்பு பாதிதான் இருக்கு!"

டாக்டர் குழலை எடுத்து வெச்சுக் கேட்டாங்க. அடுத்த நிமிஷமே பவுலினை ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போனாங்க. குழந்தை நீலம் பாரிச்சு வெளிய வந்தது. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அழுதது. பேரன்.

சார் என் கையைப் பிடிச்சிட்டுத் தேம்பினார். "கர்த்தர்தாம்மா உன்னை அங்க நிக்க வெச்சார்."

"சார், அந்தத் தப்பைப் போட்டதே நான்தான். பழைய மெஷின் எல்லாத்துலயும் அதே அறுநூறுதான் இருக்கு."

கை மெல்ல விலகிச்சு. "முன்னூத்திப் பதினாறு மெஷின் வெளிய இருக்கு மங்களம்"னார்.

மறுநாள் காலையில எல்லா ஆஸ்பத்திரிக்கும் போன் போட உட்கார்ந்தோம். ஸ்ரீவித்யாகிட்ட மன்னிப்பு கேட்டேன். "பரவால்ல மேடம்"னா. பரவால்லையாம்! எனக்கு என்னையே அறையணும் போல இருந்தது.

ஏழாவது போன் கே.ஜி.எஃப். பக்கம் ஒரு நர்சிங் ஹோமுக்கு. தமிழ் சிஸ்டர்தான் எடுத்தாங்க. மெஷினை உடனே நிறுத்துங்க, தப்பாக் காட்டுதுன்னு சொன்னேன். அவங்களுக்குக் கோவமே வந்துடுச்சு.

"எங்க மெஷினா? சும்மா இருங்க மேடம். தொண்ணூத்தாறுலேருந்து இருக்கு, ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல. மூணு பேருக்குக் குழந்தை இறந்தே பொறந்தது, அப்பகூட கடைசி வரைக்கும் கோடு அழகா வந்தது. அந்தக் காகிதத்தைக் காட்டித்தான், எங்க மேல தப்பில்ல, உன் உடம்புதான் சரியில்லன்னு அந்தத் தாய்ங்களுக்கு நானே புரிய வெச்சேன்."