சௌகத் அலியின் தங்கப் பல்

சௌகத் அலிக்குக் கடைவாய்ப் பல் உடைந்ததிலிருந்து, அவர் மனைவி ஜெய்தூன் பீவி கறியை அம்மியில் அரைத்தே போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவழியாகத் திண்டுக்கல் பல் டாக்டர் அந்தப் பல்லுக்குத் தங்க உறை மாட்டிவிட்டார்.

அன்று மதியம் அவள் ஆசையாக நெஞ்செலும்பு வறுத்து வைத்தாள். அவர் தட்டைத் தள்ளினார்.

"மென்னா தங்கம் தேஞ்சுரும். அரைச்சே குடு."

"மெல்லத்தானே அதை மாட்டுனது!" என்று தலையில் அடித்துக்கொண்டவள், மறுநாளே அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"நல்லாக் கடிங்க பாய், ஒண்ணும் ஆகாது" என்று டாக்டர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்த சௌகத் அலி, அப்போதும் மனம் வராமல், எலும்பை மறுபக்கத்துப் பல்லால் கடித்தார். அந்தப் பல் மடக்கென்று உடைந்தது.

"இனி நீங்களாச்சு, டாக்டராச்சு. நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

ஜெய்தூன் பீவி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். கன்னத்தைப் பிடித்தபடி அவர் பின்னாலேயே ஓடினார்.