கல் குடியாத மழை

குடதிசை மலைத்தொடரினின்று சற்றே விலகி, ஈட்டிமுனைபோல் வானை நோக்கி எழுந்த நெடுங்கோட்டு முடி, அன்றைய பிற்பகல் வெயிலில் செம்பை உருக்கி வார்த்தாற்போல் ஒளிர்ந்தது. நிலத்தின் ஆழத்தே பல ஊழிகள் வெந்தும் அழுந்தியும் இறுகிய கருங்கல், மேல்மண் அரிப்புண்டு போனமையால் விலாவெலும்பெனப் புடைத்து நின்றது. கடல்நீர் முகந்து வரும் கொண்டல்கள் மேலைச் சரிவிலேயே கொட்டித் தீர்தலின் அப்பக்கம் சோலையும் அருவியுமாய்ச் செழிக்க, கீழைச் சரிவோ முட்புதர் மண்டி வறண்டு கிடந்தது. முடிமேல் அரிதாய்ப் பொழியும் நீர் இப்பக்கம் இறங்குதற்குப் பாறையைப் பிளந்தோடும் ஓடை ஒன்றே வழி. அடிவாரம் செல்லும் தடமும் அதனைக் கடந்தே கிடந்தது.

உச்சியிலுள்ள முருகன் கோட்டத்தை வணங்கி அத்தடத்தே இறங்கி வந்தனர், கமுதியை அடுத்த சிற்றூரில் அடுத்தடுத்த நிலங்களில் மிளகாய் பயிரிடும் நண்பர்களான அய்யப்பனும் கூத்தையாவும். ஓடையை அணுகுகையில் முடிமேல் முகில் திரண்டு துளிகள் விழுந்தன. மழைக்கு ஏங்கி வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து நொந்த அய்யப்பன், காணாதது கண்டவன்போல் பாறைமேல் அமர்ந்துவிட்டான்.

“மேல இருட்டிக்கிட்டு வருது. ஓடையத் தாண்டிருவோம், வாப்பா,” என்றான் கூத்தையா.

“ஏலே, இந்தத் தூத்தலுக்கா? நம்ம காட்டுல இம்புட்டுப் பேஞ்சா வெடிப்புக்கூட நனையாது. செத்த உக்காரு.”

நீரைக் குடிக்கும் கரிசலையே அறிந்தவன், குடியாத கல்லை அறிந்திலன். உச்சியில் பெய்ததையெல்லாம் பாறை ஓடையிலே தள்ளியது. ஒருவழியாய் எழுந்து அவர்கள் பாதி கடக்கையில், கல்லையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு செந்நீர் பாய்ந்து வந்தது. பின்னே வந்த கூத்தையா நண்பனைக் கரைமேல் உந்தித் தள்ளினான். உருண்டு வந்த பாறை கூத்தையாவின் வலக்காலை நசுக்கிற்று. அய்யப்பன் அவன் கையைப் பற்றிக் கரையேற்றினான்.

மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே அக்காலை அகற்றினர். நடந்தது என்னவென்று மனைவி சோணையம்மாள் கேட்டபோது, கூத்தையா கூறினான்: “அய்யப்பன் கூப்புடத்தான் செஞ்சான். நாந்தான் மழையப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன்.”

அருகே நின்ற அய்யப்பன் வாய் திறந்திலன். உயிர் காத்தவனென்று ஊர் அவனைப் புகழ்ந்தது; கூத்தையாவின் தாயோ, அறிவின்றிக் காலைத் தொலைத்தாயென்று மகனை நாடோறும் வைதாள். அப்புகழும் அவ்வசையும் ஒருங்கே செவியில் விழ, அய்யப்பன் உணவு கசந்து உறக்கம் இழந்தான்.

ஐப்பசியில் கமுதியில் மழை இறங்கியது. ஊரார் மகிழ்ந்து வெளியே நிற்க, அவன் மட்டும் அதைக் காணப் பொறாது கூத்தையாவின் வாயிலை அடைந்தான்.

“தங்கச்சி, மழையப் பாக்கணும்னு உக்காந்தது நான். அவன் கூப்புட்டுக்கிட்டேதான் இருந்தான்.”

“தெரியும்ணே,” என்றாள் சோணையம்மாள். “தூத்தல் விழுந்தாலே துண்டத் தலையில போட்டுக்கிட்டு ஓடுற ஆளு, மழையில உக்காருவாரா? ஆனா எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? அத்தை தெனமும் அவரத்தான் வையுது. உள்ள வந்து அது காதுல விழச் சொல்லுங்க.”

அவள் விலகி வழிவிட்டாள். அவன் உள்ளே சென்று, மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த முதியவள்முன் நின்று, ஒன்றையும் மறையாது உரைத்தான். அவள் கை நின்றது. கட்டிலில் கிடந்த கூத்தையா சுவர்ப்பக்கம் முகம் திருப்பிக்கொண்டான்.

“இத யாரு ஒங்கிட்டக் கேட்டா?” என்றான் மெல்ல.

உரைத்தமையால் குற்றம் தேய்ந்துவிடவில்லை. போன காலும் மீளவில்லை. நண்பன் விரும்பி ஏற்றிருந்த பழி மட்டும் அன்று உரியவன் தோளுக்கு வந்து சேர்ந்தது. அதனைச் சுமந்தவாறே, குடை தந்தவர் எவரையும் ஏறிட்டு நோக்காது, அவன் நனைந்து நனைந்து வீடு சென்றான்.