பம்பருக்குள் இருந்தது

அந்த ஷெட்டில் முன்பாதி புருஷனுக்கு, பின்பாதி பெண்டாட்டிக்கு. முன்னால் அவர் கார்களுக்கு இரும்பில் பின்பம்பர் மாட்டுவார். பின்னால் அவள் கார்களுக்கு சீட் உறை தைப்பாள். ஊர் அவரைப் பம்பர்க்காரர் என்றது, அவளை சீட்டக்கா என்றது. நரைத்த மீசைக்காரர்கள்கூட வாய் கூசாமல் அவளை அக்கா என்று கூப்பிடுவதில் அவளுக்கு நெடுநாள் கோபம் உண்டு.

பம்பர்க்காரர் கை சுத்தமான கை, அதைச் சொல்லாவிட்டால் பாவம். கார் கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் பம்பரைக் கழற்றுவார். அதற்குள்ளே ஒரு மெல்லிய தகரச் சட்டமும், சட்டத்தின் மேல் காரின் அகலத்துக்கு ஒரு கறுப்புத் தெர்மாகோல் கட்டையும் இருக்கும். இரண்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, முழங்கை பருமனுள்ள இரும்புக் குழாயை நேராகக் காரின் அடிச்சட்டமான சேஸிஸின் முனையிலேயே வைத்து போல்ட்டை முறுக்குவார்.

"இனிமே உங்களை எவன் வந்து இடிச்சாலும் அவன் வண்டிதான் நொறுங்கும். உங்களுக்கு ஒரு கீறல் விழாது," என்பார். வாங்க வந்தவர் முகம் மலர்ந்துவிடும். அடுத்தவன் வண்டி நொறுங்கும் என்பதில் மனிதர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

யாராவது தெர்மாகோலைக் காட்டி இது எதற்கு என்று கேட்டால், "டி.வி. பெட்டிக்குள்ள வைப்பாங்களே, அந்த மாதிரிதான். வெறும் பேக்கிங்," என்பார். பொய் சொல்லவில்லை. பதினைந்து வருஷமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். அவளும் நம்பினாள்.

தகரச் சட்டம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். தெர்மாகோலை அங்கே சீந்துவார் இல்லை. என்றைக்காவது காரை விற்கிறவர்கள் வந்து கேட்பார்கள் என்று, சீட்டக்கா ஒவ்வொரு கட்டையிலும் தையல் சாக்கட்டியால் கார் நம்பரை எழுதிப் பரணில் அடுக்கி வைத்தாள். யாரும் கேட்டு வரவில்லை. பரண் நிறைந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை வெயில் ஷெட்டுக்குள் பாதி வந்திருந்த நேரம். பரணில் டக்கென்று ஒரு சத்தம். பூனையாக இருக்கும் என்று ஏணியைப் போட்டு ஏறினாள். பூனை இல்லை. அடுக்கின் நடுவில் இருந்த ஒரு கட்டை மட்டும் உள்வாங்கி, நடுவில் பிளந்திருந்தது. அதற்கு மேலே இருந்த ஆறு கட்டைகளும் கீழே இருந்த நான்கும் அப்படியே இருந்தன. மேலே கிடப்பதற்கு வலிக்காமல் நடுவில் இருப்பதை மட்டும் யாரால் மிதிக்க முடியும்? அவளுக்கு விளங்கவில்லை. இறங்கி வேலையைப் பார்த்தாள்.

மறுநாள் அதே நம்பர் கார் வாசலில் வந்து நின்றது. கார்க்காரர் ஒரு வாத்தியார். கழுத்தில் பட்டை மாட்டியிருந்தார்.

"நேத்து சாயங்காலம் ஒருத்தன் பின்னாடி வந்து இடிச்சான் பாருங்க. தடவிப் பாருங்க, எங்கயாவது கீறல் இருக்கா?" என்று பம்பர்க்காரரிடம் பெருமையடித்தார். பம்பரைக் காட்டக் கழுத்தைத் திருப்ப முடியாமல் ஆளே முழுசாகத் திரும்பினார். "பின்சீட்ல மட்டும் தையல் விட்டுப் போச்சு. அக்கா பார்த்துத் தருவாங்களா?"

அக்கா பார்த்தாள். தையல் விட்டுப்போகவில்லை. சீட்டே சட்டத்திலிருந்து முன்னால் பெயர்ந்திருந்தது. வெளியே கீறல் இல்லாத காருக்குள் இத்தனை பலமாக நுழைந்தது எது என்று யோசித்துக்கொண்டே சீட்டைக் கழற்றினாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி அதே சத்தம். இந்த முறை உடைந்த கட்டையிலேயே நேரத்தை எழுதி வைத்தாள், காலை பதினொன்று பத்து. யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த நம்பர்க்காரர் வந்தார். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவுக்கு முதுகெலும்பில் அடி, ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மகன் அழுதுகொண்டே பம்பரையும் பாராட்டினார்.

"எத்தனை மணிக்குங்க இடிச்சது?" என்று சீட்டக்கா கேட்டாள்.

"முந்தாநாள் சாயங்காலம் நாலு இருக்கும்."

ஐந்து மணி நேரம். கட்டை முதலில் உடைகிறது, அடி பிறகு விழுகிறது. அன்று மாலையே பரணில் ஏறி ஒவ்வொரு நம்பராகத் தேடி ஒரு கட்டையை இறக்கினாள். அவள் தங்கச்சி காருடையது. நான்கு மாதத்துக்கு முன் பம்பர்க்காரரே ஆசையாக மாட்டிக்கொடுத்த பம்பர். தங்கச்சி மகனுக்கு வயது ஐந்து. பின்சீட்டில்தான் உட்காருவான், அதுவும் காலை நீட்டிக்கொண்டு. கட்டை இன்னும் முழுசாக இருந்தது.

புருஷனிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"தெர்மாகோல் குறி சொல்லுதா? நல்லா இருக்கே. ஒரு பலகை எழுதி மாட்டிடலாம்."

"நீங்க சிரிங்க. குறி சொல்றதை விடுங்க. நான் தையக்காரி, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். இடிக்கிற இடி எங்கயாவது போய்த்தானே ஆகணும்? முன்னாடி இந்தத் தெர்மாகோலும் தகரமும் நசுங்கி அதை வாங்கிக்கிச்சு. உங்க இரும்பு எதையும் வாங்கிக்க மாட்டேங்குது, அப்படியே சேஸிஸுக்குத் தள்ளுது. சேஸிஸ் சீட்டுக்குத் தள்ளுது. சீட்டு உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தள்ளுது. பிஞ்ச தையல் எல்லாம் எங்கிட்டதானே வருது?"

"ஏன், சந்துல, பார்க்கிங்ல இடிக்கிறதுக்கு எவ்வளவு நல்லது? ஒருத்தராவது குறை சொல்லியிருக்காங்களா?"

"கழுத்துப் பட்டையோட வந்து யாரு குறை சொல்லுவாங்க? அவங்க காரைப் பார்க்குறாங்க."

வாத்தியார் ஆளே முழுசாகத் திரும்பியது பம்பர்க்காரர் கண்ணிலும் பட்டுத்தான் இருந்தது. அன்று முழுக்க வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பதினைந்து வருஷத்து நம்பர்களை எண்ணிக்கொண்டிருந்தார் போலும். மறுநாள் காலையில், "உன் தங்கச்சியை வியாழக்கிழமை வண்டியைக் கொண்டு வரச் சொல்லு. கழட்டிடலாம்," என்றார். அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஷெட்டில் ஆள் இருந்ததால் விட்டுவிட்டாள்.

கழற்றினால் மட்டும் போதாது, பழைய தகரச் சட்டம் போய்விட்டதே. புதுசு வாங்க வேண்டும். அது கிடைக்கும் கடை தங்கச்சி வீட்டுப் பக்கம் இருந்தது. வியாழக்கிழமை காலை அவர் ஸ்கூட்டரில் கிளம்பிப் போனார். சீட்டக்கா தங்கச்சியின் கட்டையைத் தையல் மெஷின் மேலேயே வைத்துக்கொண்டு, ஒரு கண் தையலிலும் ஒரு கண் கட்டையிலுமாக இருந்தாள்.

பத்தரைக்கு அவர் போன் செய்தார்.

"சட்டம் கிடைச்சிருச்சு. உன் தங்கச்சியும் பையனும் கார்ல முன்னாடி வர்றாங்க, நான் அவங்க பின்னாடியே வந்துடறேன். அரை மணி நேரம். ஒரு டீ சொல்லி வை."

டீ சொல்லி வைத்தாள். மனசு லேசானது. ஊசியில் நூலைக் கோத்து இரண்டு சாண் தைத்திருப்பாள்.

கட்டையின் மேலிருந்து சாக்கட்டித் தூள் உதிர்ந்தது. முதலில் கடைசி எண், பிறகு அதற்கு முந்தியது. மெஷின் ஓடும் அதிர்வு என்று பெடலிலிருந்து காலை எடுத்தாள். மெஷின் நின்றது. தூள் உதிர்வது நிற்கவில்லை. கட்டையின் நடுப்பகுதி மெதுவாக உள்ளே போனது, கண்ணுக்குத் தெரியாத யாரோ முழங்காலை ஊன்றி அதன் மேல் ஏறுவதுபோல. அவள் இரண்டு கைகளாலும் அடியில் தாங்கிப் பிடித்தாள். உள்ளங்கையில் கனம் ஏறியது. டக்.

ஐந்து மணி நேரம் இருக்கிறது, அதற்குள் கார் வந்துவிடும், பம்பரைக் கழற்றிவிடலாம், காரைத் தெருவுக்கே விடாமல் இருக்கலாம். இப்படியெல்லாம் கணக்குப் போட்டிருக்கலாம். கணக்குப் போடுகிற நிலையிலா அவள் இருந்தாள்? தங்கச்சிக்குப் போன் போட்டாள்.

"எங்கடி இருக்க?"

"பெரிய ரோட்லக்கா. வந்துட்டே இருக்கோம். இவன் வேற பின்னாடி ஒரே ஆட்டம்."

"நிறுத்து."

"என்னக்கா?"

"வண்டியை நிறுத்துடி. இந்த நிமிஷமே நிறுத்து. பையனைத் தூக்கிட்டு இறங்கு."

சின்ன வயதிலிருந்தே அக்காவின் அந்தக் குரலுக்குத் தங்கச்சி ஏன் என்று கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. போனில் டயர் கிறீச்சிட்டது. உடனே ஒரு சத்தம், பெரியதாக ஒன்றும் இல்லை, கதவைச் சாத்தினால் கேட்கும் அளவுக்குத்தான்.

"ஏய், என்னாச்சு? பையன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்க்கா. எங்களுக்கு ஒண்ணும் இல்ல, சும்மா ஒரு குலுக்கல்தான். யாரோ பின்னாடி வந்து... இரு, பார்த்துட்டு வர்றேன்."

கார்க் கதவு திறந்தது. சீட்டக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பையன் நல்லா இருக்கான், அடி இவ்வளவுதானா, இதுக்கா இத்தனை நாள் செத்துப் பிழைத்தோம் என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. உள்ளே இருப்பவர்களைத் தவிர வேறு யாருக்காகவும் இத்தனை நாள் அவள் பயந்ததே இல்லை. தங்கச்சிக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது யார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஹலோ," என்றாள். "ஹலோ, யாராவது பேசுங்க."

போன் எங்கோ உரசியது. பையன் எடுத்திருந்தான்.

"பெரியம்மா, பெரியப்பா ரோட்ல படுத்திருக்காங்க. அம்மா கூப்பிடுறாங்க, அவங்க எழுந்திரிக்கவே மாட்டேங்குறாங்க."

ரோட்டில் யாரோ ஓடி வருவதும், யாரோ தண்ணீர் கேட்பதும் போனில் கேட்டன.

"பெரியம்மா, நீங்க எதுக்கு வண்டியை நிறுத்தச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுப் பையன் பதிலுக்காகக் காத்திருந்தான்.