சிவப்பு முக்காடு போட்ட பேகம்

சுஹைலுக்கு எதிலும் சந்தேகம் வராது. எதையும் அடித்துத்தான் சொல்வான். அதில் பாதி சரியாகவும் இருந்துவிடும், அவன் மனைவி ரூபீனாவுக்கு அதுதான் தொல்லை. செங்கம் ரோட்டில் அவனுக்கு மெத்தைக் கடை. ஆசிரமத்துப் பக்கம் அறை எடுக்கும் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் தன் பஞ்சில்தான் முதுகு சாய்க்கிறார்கள் என்று அவனுக்குப் பெருமை.

இப்போது அவன் அடித்துச் சொன்னது பறவை விஷயம். வீட்டுக்குப் பின்னால் பட்டுப்போன தென்னை ஒன்றில் மரங்கொத்தி ஜோடி பொந்து குடைந்து குஞ்சு பொரித்திருந்தது. இரண்டுக்கும் பொன்னிற முதுகு, சிவப்புக் கொண்டை. ஆனால் ஒன்றுக்கு அலகை ஒட்டியே சிவப்பு தொடங்கித் தலை முழுக்கப் பரவியிருக்கும். மற்றதற்கு முன்நெற்றி கறுப்பு, அதில் பொடிப்பொடியாய் வெள்ளைப் புள்ளி, பின்னால் கொண்டை மட்டும் சிவப்பு. முழுச் சிவப்புக்கு சுஹைல் ‘பேகம்’ என்று பெயரே வைத்துவிட்டான்.

ரூபீனா பிரசவ வார்டு நர்ஸ். மகன் அஜ்மல் பிறந்தபோது எடுத்த லீவு முடிந்து, வேங்கிக்கால் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். நைட் டூட்டி. வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன் என்று சொல்லாவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அந்த வார்டென்றால் அவளுக்கு உயிர்.

“நைட்டெல்லாம் வேணாம் ரூபி” என்றான் சுஹைல். “பேகத்தைப் பாரு. பொழுது சாஞ்சா பொந்துக்குள்ள போய்ப் புள்ளைங்களோட படுக்கறது யாரு? அம்மாக்காரி. அப்பன் வேற எங்கியோ போய்த் தூங்கறான். பறவைக்கே தெரியுது.”

“அது அம்மான்னு யாருங்க சொன்னாங்க?”

“இதை வேற யாராச்சும் சொல்லணுமா? தலை நெறைய செவப்பு முக்காடு போட்டுனு இருக்குது. கல்யாண மெத்தைக்கு செவப்பு உறை தைக்கறனே, மாப்பிள்ளைக்காகவா தைக்கறேன்?”

ரூபீனாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. படித்த படிப்பும் பார்த்த வேலையும் ஒரு பறவையின் கொண்டையில் போய் மாட்டிக்கொண்டதே! குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஃபோனில் தேடினாள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முழுச் சிவப்புதான் ஆண். நெற்றியில் புள்ளி இருப்பது பெண். ராத்திரி பொந்தில் தங்குவது பெரும்பாலும் ஆண்தான் என்றும் போட்டிருந்தது.

மறுநாள் மதியம் கடைக்குச் சாப்பாடு கொண்டு போனபோது அதைக் காட்டினாள். பக்கத்துத் துணிக்கடை குணபாலனும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ஃபோன்ல ஆயிரம் போடுவான்” என்றான் சுஹைல், அதைப் பார்க்காமலேயே. “நம்ம வீட்டுப் பறவை எனக்குத் தெரியாதா? அது ஆம்பளைன்னு என் கண்ணால பாக்க வை. அப்புறம் ராத்திரி அஜ்மலை நானே பாத்துக்கறேன். அண்ணே, நீங்கதான் சாட்சி.”

நுணலும் தன் வாயால் கெடும். இந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள்போல ரூபீனா சாப்பாட்டுக் கேரியரைக் கீழே வைத்தாள்.

“பொங்கல் முடிஞ்சு வேப்பமரத்துல ஒரு வீடியோ எடுத்தீங்களே, அதைப் போடுங்க.”

சுஹைலின் முகம் மாறியது. அந்த வீடியோ ஊருக்கே தெரியும். இரண்டு பறவைகளும் கிளையில் சேர்ந்திருந்ததை எடுத்து, ‘பேகம் வீட்டுக் கல்யாணம்’ என்று கூட்டாளிகள் அத்தனை பேருக்கும் அனுப்பிவைத்தவன் அவன்தான்.

“அண்ணன் இருக்காரு, ரூபி...”

“அண்ணனுக்கும்தானே அனுப்பினீங்க? நான் பிரசவ வார்டுல வேலை பாக்கறவ. எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல. போடுங்க.”

போட்டான். பறவைகள் சரியாகச் சேர்ந்த இடத்தில் அவள் விரலை வைத்து நிறுத்திப் பெரிதாக்கினாள்.

“கீழ இருக்கறவ நெத்தியில என்னங்க?”

“...புள்ளி.”

“மேல ஏறி நிக்கறவர் தலையில?”

சுஹைல் குனிந்து பார்த்தான். முழுச் சிவப்பு. குணபாலனுக்கு டீ புரையேறிவிட்டது. இருமி முடித்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “சுஹைலு, உன் பேகத்துக்கு மீசை மட்டும்தான்பா பாக்கி!”

சுஹைல் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். வீடியோ மாறவில்லை. அவனிடம் ஆயிரம் குறை சொல்லலாம். சொன்ன சொல்லை மாற்றினான் என்று மட்டும் ஒருவரும் சொல்ல முடியாது. ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். “ஆஸ்பத்திரிக்கு வரேன்னு சொல்லிடு” என்றான். அவன் முகம் கழுத்து வரை சிவந்திருந்தது.

முதல் நைட் டூட்டி முடிந்து, விடியும் நேரத்தில் ரூபீனா பின்வாசல் வழியாக வந்தாள். ராத்திரி முழுக்க வார்டில் கை வேலை செய்தாலும் மனசு வீட்டில்தான் இருந்தது. அழுதிருப்பானோ, பால் குடித்தானோ என்று வழியெல்லாம் பயம். தென்னைப் பக்கம் பார்த்தாள். புள்ளி நெற்றிக்காரி பொந்து வாயில் வந்து ஒட்டிக்கொண்டாள். உள்ளேயிருந்து முழுச் சிவப்புத் தலை எட்டிப் பார்த்தது, கத்திக்கொண்டே பறந்தது.

சுஹைல் அஜ்மலைத் தோளில் போட்டபடி வெளியே வந்தான். குழந்தை கக்கிய பால் லுங்கி வரை வழிந்திருந்தது. பனிக்காக அவன் தலையில் கட்டியிருந்தது கல்யாண மெத்தை உறையில் மிஞ்சிய சிவப்புத் துணி.

ரூபீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சிரிப்பை அடக்கிக்கொண்டு, வார்டில் கேட்பது போலவே கேட்டாள். “ராத்திரி எப்படி? ரிப்போர்ட் சொல்லுங்க.”

“பால் குடிச்சான். ரொம்ப அழுதான். அப்புறம் என் நெஞ்சு மேலயே தூங்கிட்டான்” என்றான் அவன். குரலில் அசதியைவிடப் பெருமைதான் ஜாஸ்தி. குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பொந்தைப் பார்த்தான்.

“இன்னிக்கும் நைட்டுதானே?”

“ஆமாங்க.”

“போய்ட்டு வா. நாங்க ரெண்டு அப்பனும் இருக்கோம்.”